மூடிய மாடிக்கு ஒரு நீலத் தட்டு

பட்டப்பகலில், நானூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பயப்படுவது கஷ்டம். கடுகு அதைச் சிரமமே இல்லாமல் செய்துகொண்டிருந்தான்.

"மேடம், அந்தம்மா நம்மளயே பார்க்குது."

"அது வெட்டற கேக்கைப் பார்க்குது" என்றார் வக்கீலம்மா. "நீ உன் கேக்கைப் பாரு."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இனிப்புச் சமையலறை. அதன் நடுவில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒருத்தி, முழங்கை நீளக் கத்தியால் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்தாள். துடைக்கும்போது நிமிர்ந்து கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வை அவர்கள் மேசையைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் கடுகு தலையைக் குனிந்துகொண்டான்.

அவளைத் தேடித்தான் வந்திருந்தார்கள். சரியாகச் சொன்னால், அவள் ஒளித்துவைத்திருக்கும் குழந்தையை.

ஓட்டல் என்று சொன்னால் அந்தக் கட்டடத்துக்குக் கோபம் வரும். தரைத் தளத்தில் வட்டமான பானக் கவுன்டர். அதைச் சுற்றி நூடுல்ஸ் கடை, விறகு அடுப்பு, தேநீர்க் கடை. முதல் மாடியில் நெருப்பில் வாட்டிய மீனும் இறைச்சியும். இரண்டாம் மாடி முழுக்க இனிப்பு. ஒவ்வொன்றுக்கும் வேறு இசை, வேறு நாற்காலி, வேறு நிற ஏப்ரன். மூன்றாம் மாடி கண்ணாடிக் கூடம். அது மட்டும் மூடியிருந்தது. படியின் குறுக்கே சங்கிலி, சங்கிலியில் 'பராமரிப்பு வேலை நடக்கிறது' என்று ஒரு பலகை.

தளத்துக்கு ஒரு பானம் என்று கணக்கு வைத்து, குடிக்கும் சாக்கில் எல்லா இடத்தையும் பார்த்தாகிவிட்டது.

"இது மூணாவது சோடா மேடம். குழந்தை கிடைக்கறதுக்குள்ள நான் கழிவறையில கிடைப்பேன்."

"வாய் ஓயாம பேசறியே, பயமா?"

"பயம் இல்ல மேடம். பேச்சை நிறுத்தினா பல் அடிக்கற சத்தம் வெளிய கேக்கும். அதான்."

பயத்துக்குக் காரணம் மதியம் இரண்டு மணிக்கு வந்தது. வக்கீலம்மா வக்கீல் தொழிலை விட்டுத் துப்பறிய உட்கார்ந்து எட்டு வருடம் ஆகிறது. பெயர் மட்டும் விடவில்லை. அவர் அறைக்கு வந்தவர் ஒரு கட்டடக் கான்ட்ராக்டர். சலவைச் சட்டை, கலங்கிய கண்.

"என் மனைவி அந்தப் பெரிய ஓட்டல்ல கேக் மாஸ்டர்" என்றார். "மூணு நாளா எங்க பொண்ணை என் கண்ணுல காட்டல. ஒன்பது வயசு. மூணு நாளா மனைவியும் அந்தக் கட்டடத்தை விட்டு வெளிய வரல. நான் எதிர்ல வண்டியிலேயே உட்கார்ந்திருக்கேன். உள்ள போக முடியாது. காவலாளிகிட்ட என் போட்டோவைக் குடுத்து வச்சிருக்கா. கோபக்காரி மேடம். கையில எப்பவும் கத்தி. யாராவது குழந்தையைக் கேட்டு வந்தா குத்திடுவேன்னு சொல்லியிருக்கா."

குழந்தையின் போட்டோ கொடுத்தார். உயரம் சொன்னார். செருப்பு அளவு சொன்னார். முதுகில் மச்சம் இருக்கும் இடம் வரை, கேட்காமலே சொன்னார். எழுந்து போகும்போது கடுகின் கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார்.

"பாதாம் சாக்லேட். அவளுக்கு உயிர். அவ முன்னாலேயே பெட்டியைத் திறங்க. எங்க ஒளிஞ்சிருந்தாலும் ஓடி வருவா."

குழந்தை விஷயம் என்றால் வக்கீலம்மா கேள்விகளைக் குறைத்துக்கொள்வார். அவருடைய ஒரே பலவீனம் அது.

இப்போது மணி நாலேகால். பரிமாறும் ஜன்னலில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. மற்றதெல்லாம் வெள்ளை. இது நீலம். மேலே மூடி.

கடுகு சோடாவை இறக்கி வைத்தான். வக்கீலம்மாவிடம் சேர்வதற்கு முன் ஆறு வருடம் வேறொரு பெரிய ஓட்டலில் தட்டு தூக்கியவன் அவன்.

"ஒவ்வாமைத் தட்டு மேடம்."

"அப்படின்னா?"

"சில பேருக்குச் சிலது ஆகாது. பால், முட்டை, கோதுமை, ஏதோ ஒண்ணு. அவங்களுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி நிறத்துல தட்டு. மூடி போட்டு ஒரே ஆள் ஒரே தட்டா கொண்டுபோகணும். வழியில கைமாத்தக் கூடாது. இதுல அசந்தா ஆளே போயிடும்."

நரைத்த தலையைக் கொண்டை போட்ட ஒரு பரிமாறும் பெண் வந்தாள். தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். கூடத்துக்குள் வரவில்லை. திரும்பி, சங்கிலியைத் தூக்கி, குனிந்து நுழைந்து, மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூடின கூடத்துல யாரு மேடம் சாப்பிடறா? பேயா?"

"பேய்க்கு ஒவ்வாமை இருக்காது."

"ஏன் இருக்காது? உயிரோட இருந்தப்ப அதைச் சாப்பிட்டுத்தானே பேயாச்சு?"

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "மூணு நாளா ஒரு குழந்தையை யார் கண்ணுலயும் படாம வச்சிருக்கா. சாப்பாட்டை மட்டும் எல்லார் கண்ணுலயும் படற தட்டுல அனுப்பறா. வெள்ளைத் தட்டுல வச்சிருந்தா நாம இன்னும் பத்து சோடா குடிச்சிருப்போம்."

"அது முடியாது மேடம். எந்தப் பொய் வேணா சொல்லலாம். ஒவ்வாமைக்காரங்களுக்கு வெள்ளைத் தட்டுன்னா கை வராது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நீலத்தைத்தான் எடுப்போம்."

வக்கீலம்மா குழந்தையின் போட்டோவை எடுத்து இன்னொரு தடவை பார்த்தார். நெற்றி சுருங்கியது.

கடுகின் போன் அதிர்ந்தது. கான்ட்ராக்டர். 'கிடைச்சாளா?'

'மூணாம் மாடின்னு நினைக்கிறோம். போய்ப் பார்க்கிறோம்' என்று அடித்து அனுப்பினான்.

"யாருக்கு?"

"அவருக்குத்தான். கேட்டார், சொன்னேன். பெத்தவர் தவிச்சுட்டு இருப்பாரே."

"பார்த்ததுக்கு அப்புறம் சொல்லணும். பார்க்கறதுக்கு முன்னால இல்ல." வக்கீலம்மாவின் குரல் தணிந்தே இருந்தது. கடுகுக்குக் காது சுட்டது.

நரைத்தலைப் பெண் வெறுங்கையோடு இறங்கி வந்தாள். கேக் மாஸ்டர் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டினாள். இருவரும் எழுந்தார்கள். சங்கிலிக்குக் கீழே நுழைய வக்கீலம்மாவுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. கடுகு சங்கிலியை உயர்த்திப் பிடித்தான். அது அவன் கையில் கிலுகிலுவென்று ஆடியது.

"ஏன் இப்படி ஆட்டறே?"

"நான் ஆட்டல மேடம். அதுவா ஆடுது."

மேலே வெயில். தெருப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. பராமரிப்பு வேலைக்கான சுத்தியலும் இல்லை, தூசியும் இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிய நாற்காலிகள், வெள்ளைத் துணி தரைவரை தொங்கும் மேசைகள். கீழேயிருந்து மூன்று வகை இசை ஒன்றாகக் கலந்து, தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்டது.

கரண்டி தட்டில் உரசும் சத்தம். நின்றது.

கடுகு மண்டியிட்டு ஒரு துணியைத் தூக்கினான். மேசைக்கு அடியில் ஒரு தலையணை, ஒரு போர்வை, நீலத் தட்டை மடியில் வைத்த ஒரு சிறுமி. போட்டோவில் இருந்த அதே முகம். கன்னம் மட்டும் வற்றியிருந்தது.

"பாப்பா, பயப்படாதே. என் பேரு கடுகு. சிரிக்கலாம், எல்லாரும் சிரிப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை.

"அப்பா அனுப்பினார்."

தட்டு மடியிலிருந்து சரிந்தது. வெள்ளைப் புட்டிங் போர்வையில் கொட்டியது. வெட்கம் என்று நினைத்தான் கடுகு. பையிலிருந்து பெட்டியை எடுத்து, அவள் முன்னாலேயே திறந்தான். வறுத்த பாதாம் வாசனை.

சிறுமி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

சாப்பிட மாட்டேன் என்ற ஆயிரம் குழந்தைகளைக் கடுகு பார்த்திருக்கிறான். முகத்தைத் திருப்பும், உதட்டை இறுக்கும், தட்டைத் தள்ளும். மூச்சைப் பிடித்த குழந்தையைப் பார்த்ததில்லை.

வக்கீலம்மா தட்டின் மூடியைக் கையில் வைத்திருந்தார். அதில் ஒட்டிய சீட்டைப் படித்தார்.

"கடுகு. பெட்டியை மூடு."

"அவளுக்கு உயிர்னு சொன்னாரே..."

"மூடு. கையைத் துடை. தள்ளி வா."

சீட்டை நீட்டினார். சிவப்பு மையில் இரண்டு வரி. 'எந்தக் கொட்டையும் கூடாது. வாசனையும் கூடாது.'

"பாவம், அவருக்குத் தெரியாது போல."

"செருப்பு அளவு தெரிஞ்சிருக்கு. முதுகு மச்சம் தெரிஞ்சிருக்கு. இது தெரியாதுன்னா அவர் அப்பா இல்ல."

"தெரிஞ்சிருந்தா?"

வக்கீலம்மா பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

கடுகு பெட்டியைப் பார்த்தான். தங்க நிறத் தாள், சிவப்பு ரிப்பன். இரண்டு மணியிலிருந்து இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறான். வழியில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தான், பத்திரமாக இருக்கிறதா என்று.

"யாரு நீங்க?"

வாசலில் கேக் மாஸ்டர். கையில் கத்தி. ஓடி வந்து மேசைக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள். மதியம் முழுக்கக் கடுகு பயந்த கத்தி அது. இப்போது அது அவனுக்கு ஒரு கரண்டி மாதிரி இருந்தது. பயம் வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தது.

வக்கீலம்மா தாங்கள் யார் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னார். பெட்டியைக் காட்டினார். "இது உங்க வீட்டுக்காரர் குடுத்தனுப்பினது. குழந்தை முன்னால திறக்கச் சொன்னார்."

கத்தி தாழ்ந்தது.

"மூணு வாரத்துக்கு முன்னால அவரோட அண்ணன் எங்க வீட்டுப் பால்கனியிலிருந்து விழுந்து செத்தார்" என்றாள். "வழுக்கி விழுந்தார்னு எழுதி முடிச்சுட்டாங்க. அப்ப வீட்ல இவ இருந்தா. அன்னிக்குப் போன பேச்சு. மூணு நாளைக்கு முன்னால ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, போலீஸ்கிட்ட சொல்லணும்மான்னா. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஒரு பெண் அதிகாரி இவகிட்ட தனியா பேசறாங்க. அதுவரைக்கும் எங்க வச்சிருப்பேன்? சொந்தக்காரங்க வீடு அத்தனையும் அவருக்குத் தெரியும். மேனேஜர்தான் இந்தக் கூடத்தை மூடி, பலகை மாட்டி, சாவியைக் குடுத்தார்."

"இவளுக்குக் கொட்டை ஆகாதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"போன வருஷம் மூச்சு நின்னப்ப இவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதே அவர்தான்."

சிறுமி தாயின் ஏப்ரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதைச் சொன்னா போதாதா மேடம்?" என்றான் கடுகு. "பெட்டி இருக்கு, நாம இருக்கோம்."

"மறந்துட்டேன்னு சொல்லுவான். ஆசையா வாங்கினேன், அவசரத்துல மறந்துட்டேன்னு அழுவான். இருபது வருஷம் அந்த அழுகையை நான் கோர்ட்டுல பார்த்தவ."

போன் அதிர்ந்தது. 'சாக்லேட் சாப்பிட்டாளா?'

கையிலிருக்கும்போதே மறுபடியும் அதிர்ந்தது. 'கண்ணாடியில உங்க தலை தெரியுது.'

கடுகு தரையோடு தரையாகக் குனிந்தான். பிறகு மெதுவாகக் கண்ணை மட்டும் உயர்த்தித் தெருவைப் பார்த்தான். எதிர்ச் சாரியில் சாம்பல் நிறக் கார். ஓட்டுபவர் பக்கக் கதவு திறந்திருந்தது. இருக்கை காலி.

"வாசல்ல விடமாட்டாங்க" என்றாள் தாய். "போட்டோ குடுத்திருக்கேன்."

"முன்வாசல்ல." கடுகின் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "பால் வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை. பால் வண்டி வந்தால் பின்வாசல் அகலத் திறந்திருக்கும். பெட்டி தூக்கும் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"லிப்ட்?"

"இந்த மாடிக்கு வராம நிறுத்தி வச்சிருக்கு. இருக்கறது ஒரே படிக்கட்டு."

இந்தக் கூடத்தை யாரும் வர முடியாத இடம் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். யாரும் போகவும் முடியாது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"கடுகு" என்றார் வக்கீலம்மா. "உங்க ஓட்டல்ல ஒவ்வாமைக்காரங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"இப்பவா மேடம் என் பழைய கதை?"

"சொல்லு."

"'நீலம்'னு ஒரு சத்தம் குடுப்போம். கையில இருக்கறதைப் போட்டுட்டு எல்லாரும் ஓடி வருவாங்க. மேனேஜர் மூச்சைத் திருப்பற ஊசியோட வருவார்."

"இங்கயும் அதேதான்" என்றாள் கேக் மாஸ்டர். "மேனேஜர் ஒரு கேள்வி கேப்பார், என்ன ஆகாதுன்னு. கூட வந்த பெரியவங்க பதில் சொல்லணும். சொன்னதை நாங்க எல்லாரும் சத்தமா திருப்பிச் சொல்லணும். காதுல தப்பா விழுந்துடக் கூடாது பாருங்க. அப்புறம்தான் ஊசி. அதோ, தட்டு இறக்கற பொந்து. அதுல கத்தினா கீழ ரெண்டு சமையலறைக்கும் கேக்கும்."

வக்கீலம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "நல்லது. கேள்வி வரும்போது நீ வாயைத் திறக்காதேம்மா. என்ன ஆனாலும்."

"நான் தாய். நான் சொல்லாம..."

"உன் பதில் எனக்கு வேண்டாம்மா."

அவளுக்குப் புரியவில்லை. கடுகுக்கும் புரியவில்லை. "இப்பவே கத்திடறேனே மேடம்?"

"இப்பக் கத்தினா பாதிப் படியில திரும்பிடுவான். நாளைக்கு வருவான். அடுத்த வாரம் வருவான். அவன் இந்த அறைக்குள்ள நிக்கணும். நான் என் மூக்குக்கண்ணாடியைக் கழட்டும்போது கத்து. பாப்பா, நீ இங்க படுத்துக்கோ. கண்ணை மூடிக்கோ. நான் தோளைத் தொட்டா மட்டும் திற. முடியுமா?"

சிறுமி தாயைப் பார்த்தாள். பிறகு வெறுந்தரையில் படுத்துக் கண்ணை மூடினாள். பழகிய ஆள் மாதிரி, அசங்காமல்.

சங்கிலி கிலுங்கியது.

படி ஏறும் சத்தம். அவசரமில்லாத கால். கடுகு எண்ணினான். இருபத்திரண்டு.

கான்ட்ராக்டர் உள்ளே வந்து கதவைப் பின்னால் சாத்தினான். கடுகின் மனதில் அவனுக்கு இருந்த மரியாதை எங்கோ படியிலேயே விழுந்துவிட்டிருந்தது. அதே சலவைச் சட்டை. முகத்தில் அதே தவிப்பு. தரையில் கிடக்கும் மகளைப் பார்த்தான். ஓடி வரவில்லை. அடுத்து அவன் கண் தேடியது பெட்டியை.

"சாப்பிட்டாளா?"

"ஒண்ணு எடுத்து வாயில போட்டுச்சு" என்றார் வக்கீலம்மா. "உடனே கண்ணு சொருகிப் படுத்துடுச்சு. என்னன்னு புரியல."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அதைக் கடுகு சாகும்வரை மறக்கமாட்டான்.

"தூக்கமா இருக்கும். மூணு நாளா அலைக்கழிச்சிருக்கா இவ அம்மா. எழுப்பாதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுடுங்க." குரலில் அவ்வளவு கனிவு. "வாங்க, அதுக்குள்ள கீழ போய் ஏதாவது குடிக்கலாம். ஒரு பத்து நிமிஷம்."

அடுக்கிய நாற்காலிகளுக்குப் பின்னால், அவன் கண்ணில் படாமல் நின்ற தாய் தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது.

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

கடுகு வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து ஓயாத வாய். ஆசிரியர் அடித்தும் ஓயாத வாய். அதில் காற்று மட்டும் வந்தது. கான்ட்ராக்டர் அவன் பக்கம் திரும்பினான். ஓர் எட்டு எடுத்து வைத்தான். "தம்பிக்கு என்ன ஆச்சு?" என்று அக்கறையாகக் கேட்டான். அந்த அக்கறைதான் கடுகின் தொண்டையைத் திறந்தது. பொந்துக்குள் தலையை விட்டு அலறினான்.

"நீலம்! மூணாம் மாடி! நீலம்!"

இசை ஓடிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. கான்ட்ராக்டரின் கை கடுகின் தோளில் விழுந்தது. நான்கு.

கீழே இசை நின்றது. பிறகு கட்டடமே படியில் ஏறி வந்தது.

கறுப்பு ஏப்ரன், பச்சை ஏப்ரன், நெருப்பு அடுப்பின் சிவப்பு ஏப்ரன். மாவுக் கையோடு ஒருத்தன், கரண்டியோடு ஒருத்தன். நரைத்தலைப் பெண். முன்னால் மூச்சு வாங்க வழுக்கைத் தலை மேனேஜர், கையில் ஊசிப் பெட்டி. இருபது பேருக்குக் குறையாது.

அந்த இருபது பேர் கண்ணும் தன் மேல் விழுந்ததும் கான்ட்ராக்டர் வேறு ஆளாகிவிட்டான். மகள் பக்கத்தில் பொத்தென்று மண்டியிட்டான். "ஐயோ, என் தங்கம்! காப்பாத்துங்க சார்!"

"என்ன ஆகாது?" என்றார் மேனேஜர். ஓட்டல் விதிப்படி கேட்டே ஆகவேண்டும். கேக் மாஸ்டரைப் பார்த்தார். அவள் வாயில் கை. கண்ணீர் மட்டும் வழிந்தது. "சீக்கிரம்! குழந்தைக்கு என்ன ஆகாது? யாராவது சொல்லுங்க!"

எல்லாரும் அப்பனைப் பார்த்தார்கள்.

"கொட்டை சார்! பாதாம், பிஸ்தா, எந்தக் கொட்டையும் ஆகாது. வாசனையே ஆகாது. போன வருஷம் செத்துப் பிழைச்சா. நான்தான் தூக்கிட்டு ஓடினேன். எனக்குத் தெரியாதா சார், நான் அவ அப்பா!"

இருபது குரல் ஒன்றாக எழுந்தது. "எந்தக் கொட்டையும் ஆகாது!"

கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. ஊசியின் மூடி கழன்றது.

வக்கீலம்மா குனிந்து சிறுமியின் தோளைத் தொட்டார்.

அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். தந்தையின் கை அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவள் காலை மடக்கிக்கொண்டாள்.

"ஊசி வேண்டாம் சார். மன்னிச்சுக்கோங்க" என்றார் வக்கீலம்மா. "கடுகு, உன் போனை அவர்கிட்ட குடு. சார், கடைசிக்கு முன்னால வந்த செய்தியைச் சத்தமா படிங்க."

மேனேஜருக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனாலும் படித்தார். "'சாக்லேட் சாப்பிட்டாளா?'"

"அனுப்பினது இவர். இது அந்தச் சாக்லேட்." பெட்டியை மேசையில் வைத்து, திறக்காமல், மேலே அச்சடித்திருந்ததைத் திருப்பிக் காட்டினார். வறுத்த முழுப் பாதாம். "மகளுக்கு உயிர்னு சொல்லி, மதியம் ரெண்டு மணிக்கு எங்க கையில குடுத்தார். இப்ப ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால, குழந்தை இதைச் சாப்பிட்டுத் தரையில கிடக்குன்னு நம்பிட்டு, எழுப்பாதீங்க, கீழ போய் ஏதாவது குடிக்கலாம்னு கூப்பிட்டார்."

"எனக்கு... அந்தப் பதட்டத்துல... மறந்துட்டேன்" என்றான் கான்ட்ராக்டர்.

"மறந்தவர் சொன்னதைத்தான் இத்தனை பேரும் திருப்பிச் சொன்னாங்க."

அவன் எழுந்து கதவைப் பார்த்தான். கதவில் நரைத்தலைப் பெண் நின்றாள். அவள் பின்னால் நெருப்பு அடுப்பு ஆட்கள் நாலு பேர். யாரும் அவனைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவை இருக்கவில்லை. அடுக்கிய நாற்காலிகளில் ஒன்றை அவனே இறக்கிப் போட்டு உட்கார்ந்தான். தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

மேனேஜர் போலீசுக்குப் பேசினார். பத்து நிமிஷத்தில் வருவதாகச் சொன்னார்கள். பத்து நிமிஷம் என்ற சொல்லைக் கேட்டதும் தாய் உடம்பை ஒரு தடவை உதறிக்கொண்டாள்.

கான்ட்ராக்டர் மகளைப் பார்த்துச் சிரித்தான். "பாப்பா. அப்பாகிட்ட வா. இவங்க என்னென்னமோ சொல்றாங்க. நீ ஒண்ணும் பார்க்கலன்னு சொல்லிடு. அவ்வளவுதான். வீட்டுக்குப் போயிடலாம்."

கனிவான குரல். சிறுமியின் தோள் குறுகியது. நாளைக் காலை பத்து மணிக்குள் இந்தக் குரல் அவளுக்குள் புகுந்து கதவைச் சாத்திவிடும் என்று கடுகுக்குத் தோன்றியது. வக்கீலம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவர் குழந்தையை ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

"அம்மா" என்றாள் சிறுமி. மூன்று வாரத்தில் ஒரே ஒரு தடவை பேசிய தொண்டை கரகரத்தது. "நாளைக்கு வேண்டாம். இப்பவே சொல்றேன்."

"சொல்லுடா."

"பெரியப்பா வழுக்கல."

தாய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா முதல்ல கீழ விழல. பால்கனிக்கு அந்தப் பக்கம் தொங்கிட்டு இருந்தார். கம்பியைப் பிடிச்சுட்டிருந்தார், ஒரு கையால. நான் அப்பா அப்பான்னு கூப்பிட்டேன். அப்பா வந்தார். தூக்கி விடுவார்னு நினைச்சேன்." அவள் தன் கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மற்றக் கையால் சுண்டுவிரலை விரித்தாள். அடுத்த விரலை விரித்தாள். "இப்படி. ஒண்ணொண்ணா எடுத்தார். பெரியப்பா அவரையே பார்த்துட்டிருந்தார். நாலு விரல்தான் எடுத்தார். கட்டை விரலைப் பெரியப்பாவே விட்டுட்டார்."

கடுகு குனிந்து தன் கையைப் பார்த்தான். அது மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. எடுக்கப் பார்த்தான். விரல்கள் விடவில்லை.